ஒரே வயிற்றுப் பிள்ளைகள்

பீடோங்,
12 பிப்ரவரி 2025

திரு. புவனேசன் அவர்களுக்கு,

வணக்கம். நேற்று கிளினிக்கை விட்டுக் கிளம்பும்போது, "டாக்டரம்மா, வாட்ஸ்அப்ல கேட்டுக்கறேன் லா" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அது நடக்காது. வாட்ஸ்அப்பில் என் நோயாளிகள் எல்லாரும் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்க் கருவாடு தின்கிறார்கள். பல வருட நோயோடு என்னிடம் வருகிறவர்கள் பதினைந்து நாளைக்கு ஒரு முறை கையால் கடிதம் எழுத வேண்டும். பேனாவைப் பிடித்தால் பொய் சொல்லக் கொஞ்சம் கூச்சம் வருகிறது. அதோடு உங்களுக்கு நோயே விரல்களில்தான். உங்கள் எழுத்தைப் பார்த்தாலே எனக்குப் பாதி தெரிந்துவிடும். போன் ஆபத்துக்கு மட்டும்.

ஆமவாதம் என்று நான் சொன்னதும் முகம் வாடிவிட்டது. பெயரைக் கேட்டுப் பயப்பட ஒன்றுமில்லை. வயிற்றில் செரிக்காமல் தங்கியதுதான் மூட்டில் போய் உட்கார்ந்துகொள்கிறது என்பது எங்கள் வைத்தியத்தின் கருத்து. அதனால் முதலில் உங்கள் பசியைத் திருத்துவேன், மூட்டுப் பக்கம் பிறகுதான் வருவேன். எண்ணெய் இப்போது வேண்டாம். மணலை வறுத்துத் துணியில் கட்டிக் காலையில் ஒத்தடம் கொடுங்கள். தயிர், மீன், உளுந்து மூன்றும் கிடையாது. உளுந்து என்றால் தோசையும் இட்லியும் சேர்த்துத்தான். பகல் தூக்கம் கூடவே கூடாது. கஷாயமும் கருப்பு மாத்திரையும் நாற்பத்தெட்டு நாளைக்குக் கொடுத்திருக்கிறேன். ஆஸ்பத்திரி மாத்திரைகளை நிறுத்தக் கூடாது. அதைக் கூட்டுவதோ குறைப்பதோ அங்கே இருக்கிற டாக்டரின் வேலை.

ஒரு மணி நேரம் உட்காரவைத்து, உங்கள் அம்மா வெயில் தாங்குவாரா, அப்பாவுக்கு எந்த வயதில் நரைத்தது என்றெல்லாம் கேட்டதற்குச் சிரித்தீர்கள். உடல்வாகு பெற்றவர்களிடமிருந்து வருவது. நான் நோயின் பெயருக்கு மருந்து கொடுப்பதில்லை, உடல்வாகுக்குக் கொடுக்கிறேன். அதனால்தான் அத்தனை கேள்வி.

கடிதத்தில் இவை இருக்க வேண்டும்: பசி, தூக்கம், வெளிக்குப் போவது, காலையில் எத்தனை மணிக்கு விரல் மடங்குகிறது, மனசில் என்ன.

உங்களோடு வந்த அக்காவை அரசாங்க கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். தள்ளிப்போட வேண்டாம்.

இப்படிக்கு,
செல்வநாயகி துரைசிங்கம்


ஜித்ரா,
2 மார்ச் 2025

மதிப்பிற்குரிய டாக்டரம்மா அவர்களுக்கு,

வணக்கம். முப்பத்தைந்து வருடம் பள்ளிக்கூட ஆபீசில் கணக்கும் கடிதமும் எழுதும் கிராணியாக இருந்தவனுக்கு எழுதுவது ஒரு வேலையா என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். இரண்டு வரி எழுதுவதற்குள் விரல் முறுக்கிக்கொண்டது. நடுவில் எழுந்து போய் ஒத்தடம் கொடுத்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

பசி: இருக்கிறது, ஆனால் சாப்பிடத்தான் ஒன்றும் இல்லை. என் மனைவி பிரேமாவதி உங்கள் தாளை அடுப்புக்கு மேலே ஒட்டிவைத்திருக்கிறாள். பக்கத்து வீட்டில் தோசை சுடும் வாசனை வந்தால் சன்னலைச் சாத்துகிறாள். எட்டு வருடமாக நான் வலிக்குது வலிக்குது என்று கத்தியதற்கு இப்போதுதான் பழி வாங்குகிறாள் என்று நினைக்கிறேன். தூக்கம்: பரவாயில்லை. வெளிக்கு: ஒழுங்காகப் போகிறது. விரல்: முன்பு பத்து மணி ஆகும், இப்போது ஒன்பதுக்கெல்லாம் சட்டைப் பொத்தானைப் போட முடிகிறது.

மனசில் என்ன என்று கேட்டீர்கள். அக்காவைப் பற்றித்தான். செல்லாயி அக்காதான் என்னை வளர்த்தவள். அம்மா போனபோது எனக்கு ஏழு வயது. ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிவிட்டு வந்து எனக்குச் சோறு ஊட்டியிருக்கிறாள். இப்போது பாடாங் செராயில் தனியாக இருக்கிறாள். அவளுக்கும் முட்டி, கணுக்கால், விரல் எல்லாம் வலி, என்னைப் போலவே. அன்றைக்கு உங்களைப் பார்க்க ஆசையாக ஒரு புதுச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். நாடி பார்த்தீர்கள், காலைத் தொட்டுப் பார்த்தீர்கள், "உங்களுக்கு இங்கே மருந்து இல்லை" என்று அனுப்பிவிட்டீர்கள். ஐந்து நிமிடம்கூட இருக்காது. பஸ்ஸில் வரும்போது அவள் புதுச் சேலையின் மடிப்பை நீவிக்கொண்டே வந்தாள். பிறகு, "நாங்க தோட்டத்து ஆளுங்க, எங்களுக்கெல்லாம் யாரு மருந்து தர்றது" என்றாள். கிளினிக்குக்குப் போகவும் மாட்டேன் என்கிறாள்.

அவளுக்கு ஏன் மருந்து இல்லை என்று தெரிந்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும்.

தங்கள்,
பு.


பீடோங்,
10 மார்ச் 2025

திரு. புவனேசன் அவர்களுக்கு,

முதல் பக்கத்தில் 'ஞ' அழகாக இருக்கிறது. மூன்றாம் பக்கத்தில் நசுங்கிவிட்டது. இன்னும் களைக்கிறது, ஆனால் ஒரு மாதத்துக்கு இது நல்ல முன்னேற்றம். மாற்றம் எதுவும் வேண்டாம், அப்படியே தொடருங்கள். பிரேமாவதிக்கு என் வாழ்த்துகள்.

உங்கள் அக்கா விஷயம். ஒருவருடைய உடம்பைப் பற்றி இன்னொருவரிடம் நான் பேசுவதில்லை, கூடப் பிறந்தவரானாலும் சரி. அவருக்கு என்னிடம் மருந்து இல்லை என்றால் இல்லை என்றுதான் அர்த்தம். தோட்டத்து ஆள், டவுன் ஆள் என்று பார்க்கிறவள் நான் இல்லை. இதைக் கேட்க எனக்குக் கோபம் வருகிறது. இரத்தமும் சிறுநீரும் சோதிக்க வேண்டும் என்று அவரிடமே சொன்னேன், உங்களிடமும் சொல்கிறேன். அழைத்துப் போங்கள்.

செல்வநாயகி


ஜித்ரா,
4 மே 2025

மதிப்பிற்குரிய டாக்டரம்மா,

நல்ல செய்தி. காலை ஏழரைக்கே விரல் மடங்குகிறது. பேரப் பிள்ளையின் சைக்கிள் செயினை நானே மாட்டிக் கொடுத்தேன். பிரேமா நம்பாமல் வந்து பார்த்தாள். நேற்று ஒரு தோசை தின்றுவிட்டேன், ஒன்றே ஒன்று, அதையும் எழுதிவிடுகிறேன். ஆஸ்பத்திரி டாக்டரும் ஒரு மாத்திரையைக் குறைத்துவிட்டார்.

கஷாயம் தீர்ந்துவிட்டது. இரண்டு பாட்டில் கைதவறி உடைந்துபோய்விட்டது. கருப்பு மாத்திரையும் எறும்பு பிடித்துவிட்டதால் கொட்ட வேண்டியதாயிற்று. தயவுசெய்து அடுத்ததைக் கொஞ்சம் முன்னாலேயே அனுப்பிவைக்கவும். இந்த முறை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் நல்லது.

அக்கா நன்றாக இருக்கிறாள். வலி குறைந்திருக்கிறது.

தங்கள்,
பு.


பீடோங்,
9 மே 2025

திரு. புவனேசன் அவர்களுக்கு,

விரல் சரியாக ஆக பாட்டில் அதிகமாக உடைகிறது என்பதை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். அந்த மாத்திரை வாயில் வைக்க முடியாத கசப்பு. அதைத் தின்கிற எறும்பை எனக்கு ஒரு டப்பாவில் போட்டு அனுப்புங்கள், பார்க்க வேண்டும்.

சீக்கிரம் குணமாக வேண்டும் என்று இரண்டு மடங்காகக் குடிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எல்லாருக்கும் வருகிற ஆசைதான். செய்யாதீர்கள். நோய் மெதுவாக வந்ததுபோல் மெதுவாகத்தான் போகும்.

மருந்து அனுப்பியிருக்கிறேன். வழக்கமான அளவுதான், கூடுதலாக இல்லை.

செல்வநாயகி


பாடாங் செராய்,
21 ஜூலை 2025

டாக்டரம்மா அவர்களுக்கு,

போன் செய்யத் தைரியம் வரவில்லை. உங்கள் குரலைக் கேட்டால் என்னால் சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன்.

அக்கா பெரிய ஆஸ்பத்திரியில் ஐந்தாவது நாளாக இருக்கிறாள். முகமெல்லாம் வீங்கி, மூச்சு வாங்கி, பக்கத்து வீட்டு ஷீலாதான் ஆம்புலன்சுக்குச் சொன்னாள். சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டது என்கிறார்கள்.

பாட்டில் உடையவில்லை. எறும்பும் பிடிக்கவில்லை. பிப்ரவரி கடைசியிலிருந்து என் மருந்தில் பாதியை அக்காவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பதினைந்து நாளைக்கு ஒரு முறை ஜித்ராவிலிருந்து கொண்டுவந்து, அளந்து ஊற்றி, எப்படிக் குடிப்பது என்று என் கையாலேயே எழுதி ஒட்டிவிட்டுப் போனேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது, ஷீலா படித்துச் சொல்வாள்.

நான் திருட்டுத்தனமாகச் செய்தேன், ஆனால் யோசிக்காமல் செய்யவில்லை. உடல்வாகு பெற்றவர்களிடமிருந்து வருவது என்று நீங்களே எழுதினீர்கள். அந்தக் கடிதம் என்னிடம் இருக்கிறது. நானும் அக்காவும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். அதே அப்பா, அதே அம்மா, அதே வலி. அப்படியானால் எனக்குக் கேட்கிற மருந்து அவளுக்கும் கேட்கும் என்று நினைத்தேன். கேட்கவும் செய்தது. ஒரே மாதத்தில் முட்டி வலி போய், பாசாருக்கு நடந்தே போய்க் காய்கறி வாங்கி வந்தாள். "தம்பி, அந்தம்மா குடுக்காட்டி என்னடா, நீ குடுத்துட்ட" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று தெரியுமா?

எனக்குத் தெரியாதது ஒன்று. அவளுக்கு இருபது வருடமாகச் சர்க்கரை, அது எனக்குத் தெரியும். தமிழ் மருந்து குடிக்கும்போது ஆஸ்பத்திரி மருந்து சேரக் கூடாது என்று யாரோ சொல்லி, ஊசியையும் மாத்திரைகளையும் மார்ச் மாதமே நிறுத்திவிட்டாள். ஊசிப் பேனாக்கள் ஐஸ் பெட்டியில் அப்படியே அடுக்கியிருக்கின்றன. நிறுத்தாதே என்று நீங்கள் எனக்கு எழுதியிருந்தீர்கள். அதை நான் அவளுக்கு எழுதி ஒட்டவில்லை.

வார்டில், "வேற ஏதும் நாட்டு மருந்து சாப்பிட்டாங்களா" என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்லிவிட்டேன். உங்கள் பெயர் கெட்டுவிடக் கூடாதே என்று.

புவனேசன்


பீடோங்,
24 ஜூலை 2025

புவனேசன்,

மூன்று முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. மருந்தில் உள்ள சரக்குகள் அத்தனையும், எது எவ்வளவு என்று எழுதி இதோடு வைத்திருக்கிறேன். உங்கள் போனுக்கும் படம் அனுப்பியிருக்கிறேன். இதைப் படிக்கிற இடத்திலேயே நிறுத்திவிட்டு, அந்தத் தாளைக் கொண்டுபோய் வார்டு டாக்டர் கையில் கொடுங்கள். என் பெயரையும் நம்பரையும் சொல்லுங்கள். என் பெயர் கெட்டால் கெடட்டும். அதைக் காப்பாற்ற உங்களை யார் கேட்டது?

கொடுத்துவிட்டீர்களா? இப்போது மீதியைப் படியுங்கள்.

உங்கள் மேல் இருக்கிற கோபத்தில் முதலில் நான்கு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். ஒரே வயிறாம். ஒரே வயிற்றில் பிறந்த உங்களுக்கு முப்பத்தைந்து வருடம் ஆபீஸ் நாற்காலி, அவருக்கு நாற்பது வருடம் மழையும் பால் வாளியும். நீங்கள் வயிற்றில் பிள்ளை சுமக்கவில்லை, அவர் சுமந்து பெற்றிருக்கிறார். உங்களுக்குச் சர்க்கரை இல்லை. பிறந்தபோது இருந்த உடம்பா அறுபது வயதில் இருக்கும்? இதையெல்லாம் நான் அந்த முதல் கடிதத்தில் எழுதவில்லை. படித்த கிராணி, பாதி சொன்னால் போதும் என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்கு உங்கள் அக்காவின் காலை அழுத்தினேன். குழி விழுந்தது, மேலே வரவே இல்லை. கண் இமை வெளுத்திருந்தது. சிறுநீரகம் போய்க்கொண்டிருக்கிறது என்று அப்போதே சந்தேகப்பட்டேன். இந்த நிலையில் என் கஷாயத்தையும் மாத்திரையையும் வடிகட்டுகிற வேலையை அந்த உடம்புக்குக் கொடுக்கக் கூடாது. அதனால்தான் மருந்து இல்லை என்றேன். ஆனால் அதை அவருக்குப் புரிகிற மாதிரி உட்காரவைத்துச் சொல்லவில்லை. வெளியே ஆறு பேர் காத்திருந்தார்கள். உங்களுக்கு ஒரு மணி நேரம், அவருக்கு ஐந்து நிமிடம். நீங்கள் மார்ச்சிலேயே எழுதிக் கேட்டீர்கள். அப்போதும் ரகசியம், ஒழுக்கம் என்று பாடம் நடத்தினேன். மே மாதம் பொய் என்று தெரிந்தும் கிண்டல் செய்துவிட்டு மருந்தை அனுப்பினேன்.

என் மருந்து கெடுத்ததா, ஊசியை நிறுத்தியது கெடுத்ததா, முன்பே கெட்டிருந்ததா என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. மூன்றும் என்றுதான் நினைக்கிறேன்.

செல்வநாயகி


பாடாங் செராய்,
17 ஆகஸ்ட் 2025

டாக்டரம்மா,

தாளைக் கொடுத்தேன். அந்த மலாய்க்கார டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். நானும் இங்கேயே தங்கியிருக்கிறேன். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் செய்யாவிட்டால் தாங்காது என்கிறார்கள். சென்டரில் இடமும் கிடைத்திருக்கிறது. அவள் மாட்டேன் என்கிறாள். "மிஷின்ல கட்டிவெச்சு ரத்தத்த உறிஞ்சறதுக்கு நான் ஆளு இல்ல. அந்தக் கருப்பு மாத்திரயக் குடு, எனக்கு அதுதான் கேட்டுச்சு" என்கிறாள். அந்த மாத்திரைதான் கெடுத்தது என்று சொன்னால், "அது அந்த டிரெஸர் மக உங்கிட்ட சொன்ன கத" என்கிறாள்.

டிரெஸர் மகள் யார் என்று எனக்கு முதலில் புரியவில்லை. போன வாரம்தான் சொன்னாள். உங்கள் கிளினிக்கில் காத்திருந்தபோது சுவரில் உங்கள் அப்பாவின் படத்தைப் பார்த்திருக்கிறாள். அவள் கல்யாணமாகிப் போன தோட்டத்தில் டாக்டருக்குப் பதிலாக ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்ட டிரெஸர் அவர்தானாம். 1980-இல் அக்காவின் மூன்று வயதுப் பிள்ளைக்குக் காய்ச்சல். தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். அவர் எழுந்துகூடப் பார்க்காமல், எல்லாருக்கும் ஊற்றுகிற சிவப்புத் தண்ணீரை ஊற்றிக் கொடுத்து, "ஒண்டுமில்லை, கொண்டு போ" என்றாராம். மறுநாளும் போனாள், அதே சிவப்புத் தண்ணீர். மூன்றாம் நாள் பிள்ளை போய்விட்டது. காய்ச்சலில் பிள்ளை செத்தது எனக்குத் தெரியும். நான் அப்போது அப்பாவோடு வேறு தோட்டத்தில் இருந்தேன். இந்தக் கதை தெரியாது.

உங்கள் அப்பா பேசுவதுபோலவே பேசிக் காட்டினாள், டாக்டரம்மா. நாற்பத்தைந்து வருடம் கழித்து, அந்த 'ஒண்டுமில்லை'யை அப்படியே சொல்கிறாள். "அவரு ஒண்டுமில்லன்னு அனுப்புனாரு. இந்தப் பொண்ணு மருந்து இல்லன்னு அனுப்புச்சு. ரெண்டும் ஒன்னுதான்" என்கிறாள்.

நான் சொன்னால் கேட்கமாட்டாள். பிரேமா வந்து அழுதும் பார்த்துவிட்டாள். நீங்கள் ஒரு முறை வரவேண்டும். வந்து, டயாலிசிஸ்தான் மருந்து என்று உங்கள் வாயால் சொல்ல வேண்டும். உங்கள் மேல் இவ்வளவு கோபம் இருக்கிறவள் உங்கள் மாத்திரையை மட்டும் எப்படி நம்புகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. அவள் கால் இப்போது தொடைவரை வீங்கிவிட்டது. நாள் இல்லை என்கிறார்கள்.

புவனேசன்


பீடோங்,
21 ஆகஸ்ட் 2025

புவனேசன்,

வருகிறேன். வெள்ளிக்கிழமை இருபத்தொன்பதாம் தேதி கிளினிக் மூடியிருக்கும், காலையில் வந்துவிடுவேன். நீங்கள் வரச் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். டிரெஸர் மகள் வருகிறாள் என்றே சொல்லுங்கள். பார்க்கமாட்டேன் என்றால் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தச் சிவப்புத் தண்ணீரை எனக்கும் தெரியும். பெரிய கண்ணாடி ஜாடியில் கலக்கிவைத்திருப்பார். காய்ச்சல், வயிற்று வலி, தலைவலி எல்லாவற்றுக்கும் அதுதான். பத்து வயதில் நான் அதை நக்கிப் பார்த்திருக்கிறேன், சர்க்கரையும் சாயமும். ஆயுர்வேதம் படிக்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது அவர் ஒரு வருடம் என்னோடு பேசவில்லை. ஒவ்வொருவருக்கும் வேறு மருந்து என்று படித்தபோது, ஜாடியிலிருந்து தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன். உங்கள் அக்காவுக்கு அது தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

அந்தக் குழந்தையைப் பற்றி அவர் வீட்டில் பேசியதாக எனக்கு நினைவில்லை. நான் எங்கள் அப்பா மேல் பிரியமாக இருந்தவள், இப்போதும் இருக்கிறேன். அதனால் அவருக்காக ஏதாவது சொல்லத் தோன்றுகிறது. அப்போது மருந்து இல்லை, வண்டி இல்லை, வெள்ளைக்காரன் போனபிறகும் அதே சட்டம் என்று. அதையெல்லாம் அங்கே வந்து சொல்லமாட்டேன்.

செல்வநாயகி


பாடாங் செராய்,
30 ஆகஸ்ட் 2025

டாக்டரம்மா,

நேற்று நீங்கள் இரண்டு மணி நேரம் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தீர்கள். என்னிடம் கேட்ட அதே கேள்விகளை ஒவ்வொன்றாக அவளிடம் கேட்டீர்கள். அவள் தலையணையில் சாய்ந்தபடியே சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். டயாலிசிஸ் பற்றிச் சொன்னீர்கள். "நான் அன்றைக்குச் சரியாகச் சொல்லவில்லை, அது என் தப்பு" என்றீர்கள். நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு காரில் ஏறியதை நான் பார்த்தேன்.

நீங்கள் போய் அரை மணி நேரம் கழித்து, "அந்தப் பொண்ணு கேட்டதுக்கெல்லாம் பதில எழுது. நீ எழுதுவியே, அதுமாதிரி" என்றாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். திருத்தினால் தெரிந்துவிடும் என்று மிரட்டியிருக்கிறாள்.

பசி: "பசி இருக்கு. சோறு எறங்கமாட்டேங்குது. ரொட்டி சானாய் திங்கணும்போல இருக்கு, அதையும் எழுதிக்க."

தூக்கம்: "உக்காந்துக்கிட்டேதான். படுத்தா மூச்சு முட்டுது."

வெளிக்குப் போவது: "அதெல்லாம் ஆம்பளப் புள்ளகிட்ட சொல்லமாட்டேன். அதுவே வந்து கேட்டா சொல்றேன்."

வலி: "இல்ல. அதான் சொன்னேன்ல, அந்த மாத்திர நல்ல மாத்திர."

மனசு: "அவங்கப்பா மேல இருந்த கோவம் போயிருச்சுன்னு எழுதிறாத. போகல. எம்புள்ள பேரு வசந்தன். அந்த ஆஸ்பத்திரி புஸ்தகத்துல பேரு இருந்துச்சோ இல்லியோ, இந்தப் பொண்ண எழுதிக்கச் சொல்லு. அவரு எந்திரிச்சுகூடப் பாக்கல. இது வந்து தரையில உக்காந்துச்சு, கார்ல வந்த பொண்ணு. அத நான் இல்லன்னு சொல்லல."

பிறகு இதைச் சொன்னாள். "மிஷினுக்குப் போறேன்னு எழுது. அவங்க சொன்னாங்கன்னு இல்ல. நான் இப்படியே செத்துப்போனா, தம்பிதான் மருந்து குடுத்துக் கொன்னுட்டான்னு ஊரு பேசும். ஊரு பேசாட்டியும் நீயே பேசிக்கிட்டு இருப்ப, உன்னய எனக்குத் தெரியாதா. அதுக்காகப் போறேன்."

அதை எழுதியதும் பேனாவை மூடி வைத்துவிட்டு வாசல்வரை போய்விட்டு வந்தேன். விரல் வலியால் இல்லை.

செப்டம்பர் ஒன்பது, செவ்வாய்க்கிழமை முதல் தடவை. அவளுக்குத் தனியாக இரண்டு வரி எழுதினால் நன்றாக இருக்கும். நான் படித்துக் காட்டுகிறேன்.

புவனேசன்


ஜித்ரா,
19 செப்டம்பர் 2025

டாக்டரம்மா,

அக்கா போய்விட்டாள். போனில் சொல்லியிருப்பேன், காரியமெல்லாம் முடியட்டும் என்று இருந்துவிட்டேன். சனிக்கிழமை பதிமூன்றாம் தேதி, மூன்றாவது டயாலிசிஸ். முதல் இரண்டு தடவை நன்றாகத்தான் போயிற்று. வீக்கம் இறங்கி, பல வாரம் கழித்துப் படுத்துத் தூங்கினாள். ரொட்டி சானாய் பாதி சாப்பிட்டாள். மூன்றாவது தடவை நாற்காலியிலேயே நெஞ்சு நின்றுவிட்டது. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு இதயமும் பலவீனமாகத்தான் இருக்கும், சொல்ல முடியாது என்றார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

பழி வரக் கூடாது என்று போனாள். இப்போது அவளைப் பிடிவாதமாக மிஷினுக்கு அனுப்பியதும் நான்தான் என்று ஆகிவிட்டது. யாரும் அப்படிச் சொல்லவில்லை. அவள் சொன்ன மாதிரி, நானே பேசிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் மருந்தை நிறுத்திவிட்டேன். கோபத்தால் இல்லை. அந்தப் பாட்டிலைத் திறந்தால் பாதியை ஊற்றி வைக்க இன்னொரு பாட்டிலைக் கை தேடுகிறது. விரல்கள் இன்னும் நன்றாகத்தான் மடங்குகின்றன. கொள்ளி வைக்கும்போதுகூட நடுங்கவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

நீங்கள் அவளுக்கு எழுதிய கடிதம் அந்தச் சனிக்கிழமை காலையில்தான் என் கைக்கு வந்தது. ஷீலாவின் வீட்டில் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். டயாலிசிஸ் சென்டர் வேன் வாசலில் நின்றுகொண்டிருந்தது. படிக்கவா என்று கேட்டேன். "இப்ப வேணாம், அவசரமா படிச்சா ஒன்னும் மனசுல நிக்காது. வந்து நெதானமா கேக்கறேன்" என்றாள். ஒரு பக்கமோ இரண்டு பக்கமோ இருந்திருக்கும். வேன்காரனை ஐந்து நிமிடம் நிற்கச் சொல்லியிருக்கலாம்.

பிரேமா பிரித்துப் பார்க்கச் சொல்கிறாள். நான் பிரிக்கவில்லை, அது எனக்கு எழுதியது இல்லை. திருப்பி அனுப்புவதா, வைத்திருப்பதா என்று நீங்களே சொல்லுங்கள்.

உறையின் மேல் நீங்கள் எழுதியிருந்ததை மட்டும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். 'திருமதி செல்லாயி அவர்கள்.' அவள் பெயருக்கு அதுவரை ஆஸ்பத்திரிச் சீட்டைத் தவிர ஒன்றும் வந்ததில்லை. "திருமதின்னா போட்டிருக்கு?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வேனில் ஏறி உட்கார்ந்த பிறகு கதவைச் சாத்தவிடாமல், "இன்னொரு தடவ படி" என்றாள். படித்தேன்.

புவனேசன்